கொடைமலைப் பள்ளிக்கூடமும் வையைச் சமவெளியும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் இரயில் பாதையில், அம்மையநாயக்கனூரை அடுத்து, கொடைக்கானல் ரோடு என்றொரு நிலையம் உண்டு. பெயரைக் கேட்டு மலைக்கு வந்துவிட்டோம் என்று மகிழ்ந்து இறங்குகிறவர் ஏமாந்துபோவார். மலையூர் அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு. ஆயினும் நிலையத்தில் நின்று மேற்கே நோக்கினால், பழனி மலைத்தொடர் நீலச்சுவராக நீண்டு கிடப்பதைக் காணலாம். நம் சமவெளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பிறந்தது முதல் அந்த நீலத்தைப் பார்த்தே வளர்கிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் வயது ஒன்று வருகிறது. ஒன்பது, பத்து வயதில் அது வருகிறது.

அந்த வயதைப்பற்றி உலகம் இன்று பேசும் சில முக்கியமான கருத்துகள் அதே மலைமேல்தான் உருப்பெற்றன. அதைச் செய்தவர் இத்தாலி நாட்டுக் கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர். மரியா மாண்டிசோரி அம்மையார். மதுரைத் தெருக்களில் அவர் பெயர் தாங்கிய பலகைகளைக் காணாதவர் இரார். ஆனால் அப்பலகைகள் தொங்குவதெல்லாம் மழலையர் பள்ளி வாயில்களில். மூன்று வயதுக் குழந்தையும் வண்ண மரக்கட்டைகளும்தாம் அவர் தந்த கல்வி என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். நான்காம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புவரை பயிலும் பிள்ளைகளுக்காக அவர் சிந்தித்தவை பெரிதும் கனிந்தது கொடைக்கானலில், 1942 முதல் 1944 வரையுள்ள ஆண்டுகளில். அன்று கொடைக்கானல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 1985-இல்தான் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே இது நம் வீட்டுச் செய்தி. நாம் மறந்துவிட்ட வீட்டுச் செய்தி.

அம்மையார் 1870 ஆகஸ்டு 31-ஆம் நாள் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் கற்பதே அரிதாயிருந்த காலத்தில் 1896-இல் உரோமையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907-இல் அந்நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழையர் பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அதன்பின் அவர் புகழ் பரவிய கதை நீண்டது. அதை இங்கு விட்டுவிடுவோம். 1934-இல் முசோலினி அரசோடு முரண்பட்டு இத்தாலியை விட்டு நீங்கினார் என்பதும், 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது ஸ்பெயினிலிருந்தும் வெளியேறினார் என்பதும் நமக்குப் போதும். வீடிழந்து, நாடிழந்து நின்றபோது அவருக்கு வயது 66.

சென்னை அடையாற்றிலிருந்த பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைக்க, 1939 நவம்பரில் அம்மையார் மகன் மாரியோவுடன் இந்தியா வந்து சேர்ந்தார். ஓலைக் குடிசைகளில் தங்கி 300-க்கும் மேற்பட்டோர் அவரிடம் முதல் பயிற்சி பெற்றனர். சில மாதங்களே தங்குவது அவர் எண்ணம். 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. அன்றே இருவரும் ஆங்கில அரசின் கண்ணில் பகைநாட்டவர் ஆயினர். மாரியோ கைதாகி முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையாருக்கோ அடையாற்று வளாகமே எல்லை என்று ஆணை பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 31 அவரது எழுபதாம் பிறந்தநாள். அதற்குப் பரிசாக மகனை விடுவிப்பதாக வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. அதுநாள்வரை உலகின் முன் மருமகன் என்றும் வளர்ப்பு மகன் என்றும் சுட்டப்பட்டு வந்த மாரியோ, அந்தத் தந்தியில் அவருடைய மகனென்றே குறிக்கப்பட்டிருந்தார். திருமணமின்றிப் பெற்ற பிள்ளையை ஊர் வாய்க்கு அஞ்சி நாற்பதாண்டு மறைத்து வாழ்ந்த தாய்க்கு அந்தச் சொல் என்னவாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப்பார்க்கலாம்.

போர் முடியும்வரை ஐரோப்பாவுக்குத் திரும்ப வழியில்லை. சென்னைக் கோடையோ அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. இவ்வாறாகவே மலைக்கு வந்தனர். சென்னையிலிருந்து கொடைக்கானல் செல்வோர் அக்காலத்தில் இறங்கவேண்டிய நிலையம், நாம் தொடக்கத்தில் சொன்ன கொடைக்கானல் ரோடுதான். மலைமேல் ரோஸ் பேங்க் என்னும் இல்லத்தில் தங்கினர். பயிற்சிக்கு வந்தோருடைய பிள்ளைகளும் மலையில் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுமாகச் சேர்த்து ஒரு சிறு பள்ளி தொடங்கப்பட்டது. மழலையரும் பன்னிரண்டு வயதுச் சிறுவரும் அங்கு அருகருகே இருந்து கற்றனர். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன அம்மையாருக்கு அப்பள்ளியில் வலக்கரமாக விளங்கினார்.

அங்கு நடந்தது என்ன? வகுப்பறைக்குள் வைத்திருந்த பொருள்கள் போதவில்லை என்பதே அவர்கள் முதலில் கண்டது. ஆறு வயதுவரை குழந்தை கைக்கெட்டியதைத் தொட்டும் அடுக்கியும் கற்கிறது. ஆறு வயதைக் கடந்ததும் அதன் பசி வேறாகிறது. இது என்ன என்று கேட்டு வந்த பிள்ளை, இது ஏன், இது எப்படி என்று கேட்கத் தொடங்குகிறது. நியாயம் அநியாயம் என்று வாதாடுகிறது. பக்கத்துப் பிள்ளை செய்த குற்றத்தை ஆசிரியரிடம் வந்து சொல்கிறது. நாம் அதைக் கோள்சொல்லுதல் என்று அதட்டி அனுப்புகிறோம். பிள்ளையோ நன்மை தீமையின் எல்லையை அறிய வந்திருக்கிறது என்பது அம்மையாரின் கணிப்பு. கூட்டாளிகளோடு சேர்ந்து திரிய விரும்புவதும் இவ்வயதின் இயல்பு. இப்படிப்பட்ட பிள்ளையை நான்கு சுவருக்குள் அமர்த்தி, ஒரு நாள் ஆற்றின் பெயர்களையும் மறுநாள் அரசர்களின் பெயர்களையும் ஒப்புவிக்கச் செய்தால், அதன் அறிவு துண்டு துண்டாகச் சிதறும் என்றார் அவர். முதலில் முழுமையைக் காட்டுங்கள். அண்டம் முழுவதையும் அதன் முன் வையுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டும் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. அண்டக் கல்வி என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

அண்டம் என்றதும் அச்சம் வேண்டா. கொடைமலையில் அது ஒரு பாசியிலும் ஓர் இலையிலும் தொடங்கியது. மாரியோவும் லீனாவும் பிள்ளைகளும் மலைச்சரிவுகளில் செடிகொடிகளைத் தேடிச் சேகரித்தனர். இலையின் வடிவத்துக்குப் பெயர், வேரின் வகைக்குப் பெயர், பூவின் உறுப்புக்குப் பெயர் என்று பிள்ளைகள் பெயர்களை விரும்பிக் கேட்டனர். பெரியவர்கள் கடினம் என்று ஒதுக்கும் தாவரவியல் சொற்கள் அவர்கள் வாயில் விளையாடின. எந்த உயிரும் தனக்காக மட்டும் வாழவில்லை, தன் பசியைத் தீர்த்துக்கொள்ளும்போதே அறியாமல் பிறர்க்கும் ஊழியம் செய்கிறது என்பதை அம்மையார் கதைபோலச் சொல்வார். அதற்கு அவர் எடுத்துக்காட்டும் உயிர்களில் ஒன்று பவளப்பூச்சி. ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் சுண்ணத்தைக் கடல்நீரிலிருந்து பிரித்துத் தன் கூட்டைக் கட்டுகிறது அது. கட்டுகையில் கடலையே தூய்மைப்படுத்துகிறது. மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகள் நம் சமவெளி முடியும் இடத்தில், இராமநாதபுரம் கடலில்தான் இருக்கின்றன. வையைக் கரைப் பிள்ளைக்கு இதைவிட அண்மையான பாடம் வேறென்ன வேண்டும்?

மாண்டிசோரி ஆசிரியர்களின் மரபில் வழங்கும் செய்தி ஒன்றையும் இங்கு குறிக்க விரும்புகிறோம். எங்கள் நாகரிகமே மிகப் பழமையானது என்று இந்திய மாணவர்கள் பெருமை பேசியபோது, மாரியோ ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள கறுப்புத் துணியைச் சுருட்டி எடுத்துவந்து சாலை நெடுக விரித்துச் சென்றாராம். அது பூமியின் வயது. துணியின் கடைசி முனையில் மெல்லியதொரு வெள்ளைக் கீற்று. மனிதன் வாழ்ந்த காலம் அவ்வளவே. உலகின் பல நாடுகளில் இவ்வகைப் பள்ளிகள் இன்றும் இத்துணியை விரிக்கின்றன. அது முதலில் விரிந்த மண் நம் நாடு.

இப்படி வளர்ந்த சிந்தனையை அம்மையார் 1948-இல் இரண்டு நூல்களாக வெளியிட்டார். ஒன்று அடையாற்றுக் கலாக்ஷேத்திர வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. மற்றொன்று பிரெஞ்சு மொழியில் வந்தது. அந்த இரண்டாவது நூலில், வெளியே செல்லுதல் என்பதற்குத் தனியிடம் உண்டு. நாம் அறிந்த சுற்றுலாவுக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. வகுப்பு முழுவதையும் வண்டியில் ஏற்றிச் சென்று இறக்கிக் காட்டிவிட்டுத் திரும்புவதை அவர் வெளியே செல்லுதலாகக் கொள்ளவில்லை. வகுப்பறையில் விடை கிடைக்காத கேள்வி ஒன்று முதலில் எழவேண்டும். அக்கேள்வி யாருக்கு எழுந்ததோ அந்த இரண்டு மூன்று பிள்ளைகள் தாங்களே திட்டமிட்டுப் புறப்படவேண்டும். எங்கே போவது, யாரைக் கேட்பது, காலணி நடக்கத் தக்கதா, கையில் என்ன கொண்டுபோவது என்பனவெல்லாம் பாடத்தின் பகுதிகள். பெரியவர் ஒருவர் உடன்செல்லலாம், முன்செல்லலாகாது. சாரணர் இயக்கத்தில் சிறுவர்கள் விரும்பி ஒரு ஒழுங்குக்குத் தங்களை உட்படுத்திக்கொள்வதை அவர் பாராட்டி எடுத்துக்காட்டுகிறார்.

இடம்விட்டு இடம் செல்ல அரசின் இசைவை எதிர்நோக்கியிருந்த ஒரு மூதாட்டியின் உள்ளத்தில், பிள்ளைகள் வெளியே செல்லவேண்டும் என்ற எண்ணம் இத்துணை உறுதியாக வேரூன்றியது என்பதை நாம் வியப்போடு நோக்குகிறோம்.

நம் சமவெளிக்கு வகுப்பு வெளியே செல்லும் வழக்கம் புதிதன்று. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நவராத்திரி வந்துவிட்டால் பிள்ளைகள் கோலாட்டக் கழிகளோடு வீடுவீடாகச் சென்று பாடுவார்கள். மகாநவமி வசூல் என்று அதற்குப் பெயர். வீட்டார் தரும் பணமும் பண்டமும் ஆசிரியருக்குப் போகும். ஆண்டு வருமானத்தில் அது ஒரு நல்ல பங்கு. உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் இவ்வழக்கத்தை விவரித்திருக்கிறார். ஆசிரியரின் பிழைப்புக்காக நடந்ததுதான். எனினும் ஊரில் எத்தனை தெரு, எந்த வீட்டில் யார் என்பதையெல்லாம் பிள்ளைகள் அதில் அறிந்துகொண்டார்கள்.

பிறகு மணியும் பெஞ்சும் வந்தன. 1854-ஆம் ஆண்டு உட் அறிக்கைக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடைத்தது. மானியத்தோடு ஆய்வாளரும் வந்தார். தேர்வில் தேறும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப மானியம் என்னும் முறை சென்னை மாகாணத்தில் சில காலம் நடைபெற்றது. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடும்போது, எந்தத் தலைமையாசிரியர் பிள்ளைகளை ஓடைக்கரைக்கு அனுப்புவார்? நம் சபைப் பள்ளிகளும் இவ்வலையில் விழுந்தன என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். கட்டுப்பாட்டுக்குப் பெயர்பெற்றோம். வாயிற்கதவை மூடிவைப்பதிலும் பெயர்பெற்றோம்.

இன்னொரு தடையும் இருந்தது. அதைச் சொல்லாமல் மதுரையில் பள்ளிப் பிள்ளைகளின் வெளிச்செலவைப்பற்றி எழுதுவது பொய்யாகும். ஒரு வகுப்பை ஒரே வகுப்பாக எங்கு அழைத்துச் செல்ல முடிந்தது? 1939 ஜூலை 8-ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களையும் நாடார் குலத்தவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழைந்தார். அந்நாளுக்கு முன்பு, இந்நகரின் பெருஞ்சிறப்பான அக்கோவிலைக் காட்ட ஓர் ஆசிரியர் தம் மாணவரை அழைத்துச் சென்றிருந்தால், வாயிலில் வகுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும். சிலர் உள்ளே, சிலர் வெளியே. நாம் பிறரைச் சுட்டிக்காட்ட உரிமையுள்ளவர்களும் அல்லர். சாதிக்கொரு பக்கம் என்று தடுத்துவைத்த ஆலயங்கள் நம்மிடமும் இருந்தன. திருநெல்வேலிப் பகுதி வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள் எழுப்பியிருந்த சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. மதுரைக் கோவில் வாயில் திறந்த நான்கே மாதத்தில் மாண்டிசோரி அம்மையார் சென்னையில் வந்திறங்கினார். பிள்ளைகள் சேர்ந்து வெளியே செல்லவேண்டும் என்று அவர் பேசிய நாடு அப்போது அந்த நிலையில் இருந்தது.

மலையில் பிறந்த அந்தக் கல்வி ஏன் கீழே இறங்கவில்லை? காரணங்களை ஆராய்ந்தால் சில நமக்கு நாணம் தருகின்றன. ஆங்கிலத்தில் நடந்த பயிற்சி, விலைமிக்க சாதனங்கள், வசதி படைத்தோர் பள்ளிகளில் அது குடியேறியது ஆகியவை வெளிப்படையானவை. இவற்றுக்கப்பால், கத்தோலிக்கருள் சிலர் அவரை ஐயத்தோடு நோக்கினர். குழந்தையின் சுதந்தரம் என்ற பேச்சு, பிறவிப் பாவத்தை மறுக்கும் இயற்கைவாதம் ஆகாதா என்று கேட்டனர். 1929 டிசம்பர் இறுதியில் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் கிறிஸ்தவக் கல்விபற்றி வெளியிட்ட சுற்றுமடல் இயற்கைவாதக் கல்விமுறையைக் கண்டித்தபோது, அக்கண்டனம் இவரையும் சேர்த்துத்தான் என்று சிலர் பொருள்கொண்டனர். பிரம்மஞான சபையின் விருந்தினராக அவர் அடையாற்றில் தங்கியது அந்த ஐயத்துக்கு எண்ணெய் வார்த்தது. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையார் 1895-இல் தொடங்கிய திருஇருதயக் கல்லூரியும், செடிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் திரட்டிவைத்த அருங்காட்சியகமும் அப்போது சிறந்து விளங்கின. மலையில் செடிகளைத் தேடி அலைந்த பிள்ளைகளின் பள்ளியும், மலைச்செடிகளை வகைப்படுத்திய துறவியரின் கூடமும் ஒரே ஊரில் இருந்த காலம் அது. எத்தனை பெரிய வாய்ப்பு!

அவரோ தம் நம்பிக்கையை மறைத்தவர் அல்லர். திருப்பலியைக் குழந்தைகளுக்கு விளக்கி 1932-இல் நூல் எழுதியவர். ஸ்பெயினின் பார்சிலோனாவில் அவர் வழிகாட்டிய பள்ளி ஒன்றில் பிள்ளைகள் நிலத்தைப் பண்படுத்திக் கோதுமை விதைத்தார்கள். திராட்சைக் கொடி நட்டார்கள். அவர்கள் கையால் விளைந்தவற்றிலிருந்தே நற்கருணைக்குரிய அப்பமும் இரசமும் ஆயின. மறைக்கல்வியைத் தோட்டத்தில் தொடங்கலாம் என்று நமக்கு ஏன் தோன்றவில்லை? நம் பிள்ளைகள் பலர், பீடத்தில் எழுந்தேற்றப்படும் அப்பம் ஒரு பயிரிலிருந்து வருகிறது என்பதையே எண்ணிப்பார்த்ததில்லை. சோழவந்தான் வயல்களில் நாற்று நடும் தாயின் மகனுக்கு, விதை மடிந்தாலன்றிப் பலன் தராது என்னும் நற்செய்தியைக் கரும்பலகையில் எழுதியா விளக்கவேண்டும்?

காந்தியடிகள் அம்மையாரை இலண்டனில் 1931-இல் சந்தித்தார். அவருடைய பயிற்சிக் கல்லூரியில் உரையும் ஆற்றினார். 1937-இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வி, கைத்தொழிலின் வழியே எல்லாவற்றையும் கற்கச் சொன்னது. அது நம் சமவெளிக்கு இறங்கியே வந்தது. டாக்டர் சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினர். கொடைக்கானல் ரோடு நிலையத்திலிருந்து அது தொலைவில் இல்லை. மாண்டிசோரி மேலே தங்கிவிட, காந்தி கீழே வேரூன்ற முயன்றார். ஆனால் ஆதாரப் பள்ளி ஏழைப் பிள்ளைக்கு மட்டும் என்று பெயராகியதும், படித்தவர் தம் மக்களை அங்கு அனுப்ப மறுத்தனர். அதன் முடிவு நாமறிந்ததே. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் மாண்டிசோரியின் சாயல் நன்கு தெரிந்தது. அட்டைகளும் ஏணிப்படிகளும் வந்தன. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்தனர். ஆசிரியரும் தரையில் அமர்ந்தார். உயர்தொடக்க வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்று வேறொன்று வந்தது. நல்லவைதாம். ஆனால் செயல்கள் யாவும் வகுப்பறைக்குள்ளேயே நிகழ்ந்தன. வாயிற்கதவு மூடியே இருந்தது.

நாமும் ஆறாம் வகுப்பில் கொடைக்கானல் சென்றோம். சமவெளியில் ஓர் ஊர், பெயர் வேண்டா. விடியுமுன் பேருந்து புறப்பட்டது. வத்தலக்குண்டு தாண்டியதும் பலர் வாந்தியெடுத்தனர். வெள்ளியருவியருகே இறங்கிப் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்து உண்டோம். ஏரியில் படகுகளைப் பார்த்தோம், ஏற நேரமில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஏறும்போதும் இறங்கும்போதும் ஆசிரியர் எங்களைத் தலை எண்ணினார். அன்று அவர் செய்த முதன்மையான பணி அதுவே. பாவம், அவரைக் குறைசொல்ல மாட்டோம். ஐம்பது பிள்ளைகளை மலைவிளிம்பில் நிறுத்திவைத்திருப்பவருக்கு வேறென்ன தோன்றும்? செண்பகனூரைக் கடந்தபோது அங்கு அருங்காட்சியகம் ஒன்று இருப்பதாக யாரோ சொன்னார்கள். பேருந்து நிற்கவில்லை.

கட்டணம் செலுத்த இயலாத நால்வர் வரவில்லை. அவர்களை அன்று யாரும் எண்ணவில்லை. மறுநாள் அவர்களில் ஒருவன், தந்தையோடு வாய்க்கால் மடை திறக்கப் போகிறவன், எங்களைச் சூழ்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டான். அருவியை நாங்கள் கைவிரித்து வருணித்தபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "அந்தத் தண்ணி கீழ விழுந்து எங்கடா போகுது?" ஒருவருக்கும் தெரியவில்லை. அருவிக்குக் கீழே எட்டிப்பார்த்தவர்கூட இல்லை. போய்வந்த நாற்பத்தாறு பேருக்கும் தோன்றாத கேள்வி, போகாதவனுக்குத் தோன்றியது.

விடையை நாம் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தோம். கொடைக்கானல் ஏரி இயற்கையானதன்று. மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு 1863-இல் ஓடையை மறித்து அமைத்தது. அதன் மிகைநீரே வெள்ளியருவியாகச் சரிகிறது. மலையின் தென்சரிவு ஓடைகள் மஞ்சளாறாகச் சேர்ந்து, வத்தலக்குண்டு வழியாக வந்து வையையில் கலக்கின்றன. வையையோ எங்கள் ஊரை ஒட்டி ஓடுகிறது. அவன் நாள்தோறும் மடைமாற்றிய நீரின் ஆற்றில் அந்த மலைநீரும் கலந்திருந்தது. மூன்று பிள்ளைகள் ஒரு கேள்வியோடு ஆற்றோரமாக மேல்நோக்கி நடந்திருந்தால், அல்லது பொதுப்பணித்துறை அலுவலகப் படியேறி ஒரு வரைபடத்தைக் கேட்டுப் பார்த்திருந்தால், கட்டணம் ஏதுமின்றி அறிந்திருக்கக்கூடியது அது. கொடைமலைப் பள்ளியில் மாண்டிசோரி அம்மையார் நினைத்த வெளியே செல்லுதல் அத்தகையது என்பதைப் பின்னாளில் அவர் நூலைப் படித்தபோதுதான் உணர்ந்தோம். மடை திறந்தவன் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

அத்தகைய கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்ட ஆசிரியர்களும் இச்சமவெளியில் இருந்திருக்கிறார்கள். மதுரைக்குத் தென்கிழக்கே, வையையின் தென்பக்கம், கீழடியில் 1970-களில் கிணறு வெட்டியபோது பழம்பொருள்கள் வெளிப்பட்டன. பள்ளிப் பிள்ளைகள் வழியாகச் செய்தி அறிந்த வரலாற்றாசிரியர் பாலசுப்பிரமணியம் அவற்றைச் சேகரித்துத் தொல்லியல் துறையினருக்குத் தெரிவித்தார். முறையான அகழாய்வு அங்குத் தொடங்கியது 2014-15-இல்தான். ஏறத்தாழ நாற்பதாண்டு இடைவெளி. பிள்ளைகள் கண்டதை அறிஞர்கள் சென்று காண அவ்வளவு காலம் பிடித்தது. இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணியில் ஆசிரியர் இராஜகுரு 2010-இல் அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கி, மாணவர்களுக்குப் பழந்தமிழ் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். வீட்டுக்கொல்லையிலும் கண்மாய்க்கரையிலும் கிடந்த ஓடுகளை அப்பிள்ளைகள் பொறுக்கிவந்து, சீனப் பானையோடு என்றும் பழைய கூரையோடு என்றும் பிரித்தறிந்தனர். மாண்டிசோரி என்ற பெயரை அவர்கள் கேட்டிருக்கவேண்டிய தேவையில்லை.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. மதுரைப் பக்கத்துப் பள்ளிகள் பேருந்து பேருந்தாக அங்கு வருகின்றன. சென்ற ஆண்டு நாம் அங்கிருந்தபோது ஓர் ஆறாம் வகுப்பு வந்து இறங்கியது. ஆசிரியை ஒருவர் வாயிலில் நின்று தலை எண்ணினார். எண்ணி முடித்தபின் வரிசை உள்ளே நகர்ந்தது. உறைகிணற்று வளையங்களின் முன் ஒரு சிறுமி நின்றுவிட்டாள். பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். "டீச்சர், இந்தக் கெணத்துல இப்ப தண்ணி வருமா?" என்றாள். ஆசிரியை வரிசையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வரிசையை நிறுத்திவிட்டு, அவளருகே வந்து குனிந்து, அவளோடு சேர்ந்து உள்ளே எட்டிப்பார்த்தார்.